துறைமுக வாசலில் ஒரு கயிறு

பலகையில் கிடந்த முருகேசன் கண்ணைத் திறந்து, "லாரி நவுந்துச்சா?" என்று கேட்டான். லாரி நகரவில்லை.

ஆவணி மாதக் காலை. வெயில் அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது. வலையை இழுக்கும்போது திருக்கை மீன் ஒன்று வாலைச் சுழற்றி, அதன் முள் முருகேசனின் தொடையில் ஆழமாகப் பாய்ந்துவிட்டது. படகு கரைக்கு வந்தபோதே அவன் வெளிறிப்போயிருந்தான். ஐஸ் உடைக்கிற பலகையில் அவனைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் மனைவி கஸ்தூரி முந்தானையைச் சுருட்டிக் காயத்தின் மேல் அழுத்திக்கொண்டே கூட ஓடிவந்தாள்.

பலகையின் ஒரு மூலை என் கையில். அதில் ஒட்டியிருந்த ஐஸ் உருகி ஒரு பக்கம் வழிந்தது, ரத்தம் இன்னொரு பக்கம். குளிரும் சூடும் ஒன்றாக என் முழங்கைவரை இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

துறையிலிருந்து வெளியே போக ஒரே ஒரு பாதைதான். அதை அடைத்துக்கொண்டு மீன் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. அதன் நீல விளக்கு சுற்றுவது லாரிகளின் சந்து வழியே தெரிகிறது. ஆனால் உள்ளே வர வழியில்லை. முதல் லாரியின் டிரைவர் கதவைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

லாரிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் இருந்தது. பலகை நுழையாது. கடைசியில் ஒருவர் முருகேசனைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்தார். லாரியின் கண்ணாடியில் அவன் கால் இடித்தது. அப்போது அவன் போட்ட சத்தத்தில், கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

முருகேசன் பிழைத்துக்கொண்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் மேலே படிக்கமாட்டீர்கள். ஆனால் அந்தக் கால் பழையபடி ஊன்றவில்லை. கடலுக்குப் போவது அன்றோடு நின்றது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், கஸ்தூரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

காஞ்சிபுரத்துக்காரிக்கு அங்கே என்ன வேலை?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணக் கதையைப் படித்தவர்களில் சிலர் இதைத்தான் கேட்டார்கள். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் மீன் வியாபாரமா, அதுவும் கடற்கரைக்குப் போய் வாங்கிவருவது ஒரு பொம்பளையா என்று.

எங்கள் வீட்டுக்காரர் சலீமின் குடும்பத்துக்குக் காஞ்சிபுரம் மார்க்கெட்டில் பல தலைமுறையாக மீன் கடை. அவருடைய தம்பி கரைக்குப் போய் வாங்கிவருவான், இவர் கடையில் உட்கார்ந்து விற்பார். தம்பி துபாய்க்குப் போனதும் வாங்கிவர ஆள் இல்லை. "நான் போறேன்" என்றேன். மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யா அல்லா" என்று மட்டும் சொன்னார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நான் போனது பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். எங்கள் ஊர்ப் பக்கம், ஓரிக்கையில், பாலாறு என்றால் மணல்தான். மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதே ஆறு அங்கே தண்ணீராகக் கிடந்ததை முதல் நாள் பார்த்தபோது, என்னிடம் யாரோ பொய் சொல்லியிருந்ததுபோல இருந்தது.

துறையின் பெயரை எழுதவேண்டாம் என்று கஸ்தூரி சொல்லியிருக்கிறாள். "எயுதினா அப்புறம் ஞாயித்துக்கெழம ஆனா காரு எடுத்துக்கினு வந்து நிப்பாங்க பாயம்மா. அதுக்கு வேற ஒரு கயிறு கட்டணும்."

பாயம்மா என்பது நான்தான். பாய் வீட்டு அம்மா. மும்தாஜ் என்ற என் பெயர் அந்தக் கரையில் யாருக்கும் தெரியுமா என்பதே சந்தேகம்.

மீன் விற்காத நாட்கள்

காஞ்சிபுரத்தில் மீன் விற்பவருக்குப் பஞ்சாங்கம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விற்காது. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் விற்காது. கருட சேவை என்றால் கடையைத் திறப்பதே வீண். கார்த்திகையில் பாதி ஊர் மாலை போட்டுவிடும். திருப்பருத்திக்குன்றம் பக்கம் போகும் பஸ்ஸில் கூடையோடு ஏறினால், சமணர் வீட்டு அம்மாக்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஜன்னலை மட்டும் திறந்துவிடுவார்கள். அது போதும், நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

விற்கிற நாளிலும் நிபந்தனை உண்டு. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் தறி போடுகிற குமரவேல் அண்ணன் ஞாயிறு தவறாமல் சங்கரா வாங்குவார். ஆனால் கையால் தொடமாட்டார். பட்டில் வாசனை ஏறிவிடுமாம். கையை நீட்டாமல் பையை மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "போடும்மா, போடும்மா" என்பார்.

இத்தனைக்கும் மேலே புரட்டாசி மாதம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

பச்சைத் துணி கட்டியவர்கள்

அந்தத் துறைமுகத்தை அரசாங்கம்தான் கட்டிக்கொடுத்தது. படகு அணையக் கான்கிரீட் தளம், ஏலம் போடக் கொட்டகை, அலையைத் தடுக்கப் பாறை கொட்டிய தூண்டில் வளைவு என்று எல்லாம் உண்டு. திறப்பு விழா முடிந்து பந்தலைப் பிரித்ததோடு எல்லாரும் போய்விட்டார்கள். குழாய் உடைந்தது. கழிப்பறைப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மீன் குடலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தளமெல்லாம் வழுக்கியது. கேட்டால், "ஆள் போட உத்தரவு வரலை" என்றார்கள்.

உத்தரவு வரும்வரை காத்திருந்தால் வழுக்கி விழுந்தே செத்துப்போவோம் என்று ஊர்க்காரர்களே இறங்கினார்கள். தெருவுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் புஜத்தில் ஒரு பச்சைத் துணியைக் கட்டிக்கொள்வார். தளத்தைக் கடல்நீர் விட்டுக் கழுவுவது, குப்பையை அள்ளுவது, முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டும் இடத்தில் கொடி நடுவது, அலை முரடாக இருக்கும் நாட்களில் தூண்டில் வளைவின் நுனியில் நின்று துணியை வீசி, உள்ளே வரும் படகுக்கு வழி காட்டுவது. எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இந்தத் தொண்டர்களுக்குத் தலைவர் தேசிங்கு அண்ணன். பல வருஷம் படகு ஓட்டியவர். பேசினால் எதிர்க்காற்றில் பேசுவதுபோல உரக்கத்தான் பேசுவார். அவர் எதற்கும் அஞ்சி நான் பார்த்ததில்லை, லாரி விஷயம் ஒன்றைத் தவிர.

"யாரு கூட வர்றீங்க?"

முருகேசன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாதையை லாரிகள் அடைக்கக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். யார் தடுப்பது என்று வந்ததும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

லாரிகள் தனபால் என்கிற பெரிய வியாபாரியுடையவை. வருகிற மீனில் பாதிக்கு மேல் அவர்தான் எடுப்பார்.

தேசிங்கு அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "பெருக்கறது, கொடி நடறது நம்ம வேல. லாரிய நிறுத்தறது வேறம்மா. நாளிக்கி தனபால் மீன் வாங்கலன்னா, வந்த மீன எங்க கொண்டுபோயி கொட்டறது?"

கஸ்தூரி எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைகூட வாரவில்லை.

"அண்ணா, என் வூட்டுக்காரு இங்கருந்து தோள் மேல போனாரு. இன்னொருத்தி வூட்டுக்காரு அப்பிடி போவக்கூடாது. நாளிக்கி காலையில நான் ரோட்ல நிக்கப் போறேன். யாரு கூட வர்றீங்க?"

"நானு" என்றேன். அதை நான் யோசித்துச் சொன்னதாக நினைவில்லை.

தேசிங்கு அண்ணன் திரும்பிப் பார்த்தார். "பாயம்மா, நீ இந்த ஊரு இல்லியே."

"பலகையில ஒரு மூலைய நான்தான புடிச்சேன்? அப்ப எந்த ஊருன்னு யாரும் கேக்கலியே அண்ணா."

அவர் தன் புஜத்திலிருந்த பச்சைத் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "புடி. ரெண்டு பொம்பளைங்கள ரோட்ல நிக்க வெச்சிட்டு நான் வூட்ல டீ குடிச்சிக்கினு இருந்தா, நாளிக்கி நான் கரையில நடக்க முடியுமா? நானும் வர்றேன்."

மறுநாள் பழைய படகுக் கயிறு ஒன்றை மதில் தூணுக்கும் எதிரே இருந்த பனைமரத்துக்கும் குறுக்கே கட்டினோம். விதி ஒன்றே ஒன்றுதான். கயிற்றைத் தாண்டி ஆம்புலன்ஸ் தவிர எந்த வண்டியும் போகாது. லாரியோ ஆட்டோவோ வெளியே பழைய உப்பளத் திடலில் நிற்க வேண்டும். மீன் கைவண்டியில் வந்து சேரும்.

தனபால் அன்றே வந்தார். கோபப்படவில்லை. கஸ்தூரியிடம் முருகேசனைப் பற்றி விசாரித்தார், உண்மையாகவே விசாரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தேசிங்கு அண்ணனிடம் திரும்பி, "என் வண்டி தளம் வரைக்கும் வந்தாத்தான் எனக்குக் கட்டும். நான் வேற துறையில பாத்துக்கறேன். நீங்க யோசிச்சிட்டுக் கூப்புடுங்க" என்றார்.

லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாதை இவ்வளவு அகலமானதா என்று ஆச்சரியமாக இருந்தது.

புரட்டாசி

ஒரு வாரம் காற்று சரியில்லாததால் அதிகம் மீன் வரவில்லை. அதனால் பிரச்சினையும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை படகுகள் நிறைய நெத்திலியும் சங்கராவும் வந்து இறங்கின. தளம் முழுக்க வெள்ளியாக மின்னியது. வாங்க ஆள் இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்றவள் நான் அல்லவா? "காஞ்சிபுரத்துக்கு அனுப்பலாம், நான் ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அரே மும்தாஜ், உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார். "இன்னிக்கி புரட்டாசி சனிக்கெழம. ஊரே கோவிந்தா போட்டுக்கினு இருக்குது. பெருமாள் கோயில் இருக்கற சின்ன காஞ்சிபுரத்துல மீன் படத்தக் காட்டினாகூட அடிப்பாங்க."

பஞ்சாங்கத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவள், கயிற்றுக் கவலையில் மாதத்தையே மறந்திருக்கிறேன்.

"பெரிய காஞ்சிபுரம் ஈஸ்வரன் கோயில் பக்கம்தான, அங்க சாப்புடறவங்க இருப்பாங்க. தேடுங்க."

"எங்க போயி தேடறது?"

"குமரவேல் அண்ணனக் கேளுங்க. நம்ம பள்ளிவாசல் தெருவுல சொல்லுங்க. பிரியாணிக் கடைங்கள்ல சொல்லுங்க. வாலாஜாபாத்துல உங்க மச்சான் இன்னா பண்றாரு, சும்மாதான இருக்காரு?"

"அனுப்பு" என்றார். "விக்கலன்னா என்னைத் திட்டாத."

குமரவேல் அண்ணன் அன்று சொன்னதை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். "நாங்க கிருத்திகைக்கும் பிரதோஷத்துக்கும் விரதம் இருக்கறவங்கப்பா. பெருமாளுக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம், மாசம் பூரா தண்டன குடுக்க?" என்றாராம். தறியிலிருந்து இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, தறிச் சத்தம் கேட்ட வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் தறி நின்றுதான் போனது.

மீன் விற்றது. ஆனால் எல்லாம் விற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த மாதத்தில் சில நாட்கள் குழி தோண்டி மீனைப் புதைத்தோம். அந்த நாற்றம் கையை விட்டுப் போக நேரமானது. ஒரு காலை நான் போய்ச் சேர்ந்தபோது கயிறு நடுவில் வெட்டப்பட்டுக் கிடந்தது.

வெட்டியவர் ஒளிந்துகொள்ளவில்லை. ஒரு படகுக்காரர், கையில் மீன் வெட்டும் கத்தியோடு அங்கேயே நின்றார். "ஆமா, நான்தான் அறுத்தேன். எம் பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு மீன மண்ணுல பொதைக்கச் சொல்றீங்களா?" என்று கஸ்தூரியைப் பார்த்துக் கத்தினார்.

கஸ்தூரி வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் எடுத்து முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு அவர் படகுக்குப் போய் உட்கார்ந்து, அவருடைய நெத்திலியைக் கழுவி உப்பிட ஆரம்பித்தாள். நாங்களும் போனோம். லாரி நின்ற இடமெல்லாம் இப்போது காலியாகக் கிடந்ததால், சூடேறிய கான்கிரீட்டில் வலையை விரித்து நெத்திலியைப் பரப்பினோம். மறுநாள் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார் படகுக்காரர், குரல் இறங்கி.

"முன்னாடி லாரி நின்னுச்சே அண்ணா" என்றாள் கஸ்தூரி.

கருவாட்டுக்கு நாள் கிழமை பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. அது காத்திருக்கும். நாங்களும் காத்திருந்தோம்.

புரட்டாசி முடிந்த ஞாயிறு

மாதம் முழுக்க வாயைக் கட்டிய ஊர், ஐப்பசி பிறந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மீனுக்குப் பறக்கும். அன்று எந்தத் துறையில் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. தனபால் வருவார் என்று தேசிங்கு அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். வந்து எங்கே நிற்பார் என்பதுதான் தெரியவில்லை.

அன்று என் முறை. பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு கயிற்றருகே நின்றேன். விடிந்து, பனைமரத்தின் நிழல் பாதையில் நீளமாக விழுந்திருந்தது. படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

முதலில் வந்தது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று. ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கரைக்கு வந்ததே இல்லை. கடையில் கூட்டம் தாங்காது என்று தானே கிளம்பி வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஹார்ன் அடித்தார்.

"கயித்த எறக்கு மும்தாஜ். ஐஸ் ஒழுகுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவருக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றதைப் பார்த்தேன். தனபாலின் லாரி. டிரைவர் பக்கத்தில் தனபாலே உட்கார்ந்திருந்தார். இன்ஜினை நிறுத்தவில்லை. கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். தளத்தில் மீன் பிரிக்கும் கைகள் நின்றுவிட்டன. கயிற்றை வெட்டிய படகுக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். கஸ்தூரி கூடையைக் கீழே வைத்தாள்.

நான் எங்கள் வீட்டுக்காரர் வண்டியின் ஜன்னலருகே போனேன்.

"வண்டிய அந்தத் திடல்ல போடுங்க. கைவண்டி வரும்."

அவர் சிரிப்பு மாறவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்தார். "ஏ, நான்தான். சலீமு."

"தெரியுது."

"எனக்கேவா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல."

அவருக்குக் காது சிவந்தது. கடைத்தெருவில் குரல் உயர்த்தினால் நாலு கடை திரும்பிப் பார்க்கும் மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்த கயிற்றைப் பார்த்தார், அதன் நடுவில் இருந்த முடிச்சைப் பார்த்தார், பிறகு பின்கண்ணாடியில் லாரியைப் பார்த்தார். எதைப் புரிந்துகொண்டார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

வண்டியைத் திருப்பித் திடலுக்குக் கொண்டுபோனார். இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து வந்தார். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழையும்போது என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காமல், "வூட்டுக்கு வா, வெச்சிக்கறேன்" என்றார். நீர் வழிந்த முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

பின்னால் லாரியின் இன்ஜின் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தனபால் கீழே இறங்கி, செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் கையால் திடலைக் காட்டினார்.